மாமா பாஸ் போட்ட கேமரா

போன வாரம் பீரோவைக் குடைந்துகொண்டிருந்த என் மகள், அந்தப் பழைய ஃபிலிம் கேமராவை வெளியே எடுத்தாள். அதன் அடியில் பச்சை வட்டச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒட்டிய மகான் என் அத்தையின் கணவர். செகந்திராபாத் பக்கம் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். அங்கே உதிரிபாகங்களுக்கு ஒட்ட வேண்டிய சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊரையே பரிசோதிக்கக் கிளம்பிவிடுவார். கத்தரிக்காய், மாப்பிள்ளை, சர்ச் ஐயரின் ஞாயிறு பிரசங்கம், எதுவானாலும் அவரிடம் இரண்டே சொல்தான்: பாஸ், ரிஜெக்ட். அவரை ரிஜெக்ட் செய்யத்தான் குடும்பத்தில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

நான் கல்லூரியில் படித்தபோது, கிறிஸ்துமஸுக்காக அப்பா கேமரா வாங்க நினைத்தார். மாமா இல்லாமல் வாங்க முடியுமா? செகந்திராபாத் கடையில் அவர் கேமராவை விரல் முட்டியால் தட்டினார், காதில் வைத்துக் குலுக்கினார், பிறகு முழங்கால் உயரத்திலிருந்து கால்மிதியின் மேல் போட்டார். கடைக்காரர் பதறிப்போய், "நக்கோ சாப்! கைக்கு கிராரே?" என்று உருதுவில் கத்தினார், வேண்டாம், ஏன் கீழே போடுகிறீர்கள் என்று. "உழைக்குமான்னு பாக்க வேண்டாமா?" என்றார் இந்த மேதை. அடுத்தது, கேமராவோடு சேர்ந்தே வரும் ஃப்ளாஷ். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே அடித்தார், அடித்தார், பேட்டரி சாகும்வரை அடித்தார். கூட வந்த குறிப்புப் புத்தகத்தை நான் புரட்டியபோது, "இன்ஸ்பெக்டருக்கு எதுக்குடி புக்கு? அதெல்லாம் ஒன்ன மாதிரி மக்குக்கு" என்றார். கடையே சிரித்தது. வீடு திரும்பும் போலாரம் பஸ்ஸில் அந்தப் புத்தகத்தை வரி விடாமல் படித்தேன்.

அம்மாவுக்கு முன்பல் ஒன்று கோணல். போட்டோ என்றாலே சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள். திருமணப் படத்தில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்பாள். அந்தக் கிறிஸ்துமஸ் மாலை, விறைப்பாக உட்கார்ந்து போஸ் கொடுத்த அப்பாவின் பிரம்பு நாற்காலி பிய்ந்து, அவர் அதற்குள்ளேயே அமிழ்ந்துபோனார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கோணல் பல் தெரிய, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தக் கணத்தில் மாமா கையிலிருந்த கேமராவின் ஃப்ளாஷ் அடித்தது. பிறகு அம்மாவே, சின்னப் பெண் மாதிரி ஆசையாகக் கேட்டாள்: "அண்ணே, அது படத்துல விழுந்திருக்குமா?"

"நடுவுல ஒரு இன்ஸ்பெக்‌ஷன் போட்டுருவோம்" என்றார் மாமா. தொழிற்சாலையில் ஓடுகிற வேலையை நிறுத்திப் பார்ப்பாராம், அதே வழக்கம். டியூப்லைட்டுக்கு அடியில் போய் நின்று, பின்மூடியைப் படக்கென்று திறந்தார். "ஃபிலிம் நல்லா ஓடுது. பாஸ்!" என்று மூடி, சீட்டையும் ஒட்டினார். கழுவி வந்த சுருளில், அதுவரை எடுத்த படங்களெல்லாம் வெளிச்சம் பட்டுக் கருகிப்போயிருந்தன. தப்பியது முதலில் எடுத்த ஒரே படம். அதில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பவர் மாமாவேதான். "கேமரா பாஸ், ஃபிலிம்தான் மட்டம்" என்று சாகும்வரை சாதித்தார், வெட்கங்கெட்ட மனுஷன்.

அம்மா அதற்குப் பிறகு ஒரு படத்திலும் வாயைத் திறக்கவில்லை. கூடத்தில் மாலையோடு தொங்கும் படத்திலும் உதடு இறுகித்தான் இருக்கிறது. மாமாவை ஆயிரம் திட்டுகிறேனே, அன்று நான் என்ன செய்தேன்? ஃபிலிம் உள்ளே இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்று புத்தகத்தில் பெருக்கல் குறி போட்டுப் படமே இருந்தது. அவர் விரல் மூடியில் பட்டபோது எனக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் இவர் மூக்கு உடைபடட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மகள் புது பேட்டரி போட்டு ஃப்ளாஷை அடித்துப் பார்த்தாள். பளீரென்று அடித்தது. அடுத்து அவள் விரல் பின்மூடிக்குப் போயிற்று.

"திறக்காதே!" என்று அலறிவிட்டேன்.

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "கூல், மம்மி. உள்ள ஃபிலிமே இல்ல."