இரண்டு கார்டு, ஒரு கேபிள்

காலை ஐந்து இருபதுக்குச் சேதி வந்தது. சேலத்து மருத்துவமனையிலிருந்து என் கணவர் ஜீவா பேசினார். "அண்ணி போய்ட்டாங்க நிர்மலா" என்றார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். கண்ணகி அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. ஜீவாவின் அண்ணன் சுபாஷின் மனைவி, எனக்கு ஓரகத்தி. கள்ளக்குறிச்சியில் ஒரே வீட்டில் அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு நினைப்பு வந்தது: இனிமேல் ஆதிமூலம் அண்ணன் என்னிடம்தான் வருவார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் ஆதிமூலம். அவர் எடுக்கும் கல்யாணங்களுக்கு அக்காவும் நானும் வீட்டிலிருந்தே ஆல்பம் வடிவமைத்தோம், வீடியோ வெட்டி ஒட்டினோம். தொழிலுக்கு முதலில் வந்தவள் நான். அக்கா என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். இதை இப்போது யாரும் சொல்வதில்லை.

அக்கா பிறந்தது கச்சிராயபாளையத்தில், கரும்பு போடுகிற குடும்பத்தில். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர், நானும் அதே படிப்புதான். ஆனால் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற வீட்டுப் பெண் என்பதாலோ என்னவோ, எந்தக் காரியத்திலும் எங்கே அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்.

ஒரு கல்யாணத்துக்கு நானூறு ஜிபி வரை வரும். அதைச் சேமிப்பதற்கென்று இருவரும் ஆளுக்கொரு பழைய கம்ப்யூட்டரில் நாலைந்து ஹார்டு டிஸ்க் போட்டு வைத்திருந்தோம். வேலை செய்யும் கம்ப்யூட்டருக்கு அதிலிருந்து ஒரு கல்யாணத்தைக் கொண்டுவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முகூர்த்த மாதங்களில் அந்த ஒரு மணி நேரம்தான் உயிரை வாங்கும்.

அக்காவுக்கு முன்னால் இதைத் தீர்த்துவிட வேண்டும் என்று கடைக்குப் போய், கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கிற புத்தம்புது நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று வாங்கி வந்தேன். அட்டைப்பெட்டியில் பத்து ஜி என்று பெரிதாகப் போட்டிருந்தது, அதாவது எங்களிடம் இருந்த ஒரு ஜி-யைவிடப் பத்து மடங்கு வேகம். மாடிப்படியில் அக்கா எதிரே வந்தார்.

"இன்னா நிம்மி, புதுசா?"

"பத்து ஜி அக்கா. இனிமே எனக்கு நிமிஷத்துல ஏறிடும்."

அக்கா பெட்டியைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தார். "கேபிள் சொருகற வாய்ல ரெண்டுதான் பத்து. மீதி எட்டும் ஒன்னு. உன் கம்ப்யூட்டர் வாயும் ஒன்னுதானே? ஆத்துல வெள்ளம் வந்து இன்னா, மடை ஒரு சாண்தானே."

"அப்ப நீங்க எவ்ளோ பெருசா வாங்கப் போறீங்க?"

"பொட்டியே வாணாம். என்கிட்ட இருக்கறது ரெண்டே மிஷினு. ரெண்டு வூட்டுக்கு நடுவுல எதுக்கு பஸ் ஸ்டாண்டு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று இரவு மாட்டிப் பார்த்தேன். வேகம் ஒரு துளி கூடவில்லை. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா இரண்டு மாதம் தேடினார். பெரிய கம்பெனிகள் கழித்துப் போட்ட பழைய ஸ்விட்ச் மலிவாகக் கிடைத்தது. அரவை மில் மாதிரி சத்தம் போடும், கரண்டு பில்லும் ஏறும் என்று ஒதுக்கிவிட்டார். கடைசியில் அதே மாதிரி கம்பெனி சர்வர்களிலிருந்து கழற்றிய பத்து ஜி நெட்வொர்க் கார்டு இரண்டையும், இரண்டு முனையிலும் பிளக் சேர்ந்தே வருகிற இரண்டு மீட்டர் செப்புக் கேபிள் ஒன்றையும் சென்னையிலிருந்து வரவழைத்தார். ஒரு கார்டு சேமிப்பு மிஷினில், இன்னொன்று வேலை செய்யும் மிஷினில். நடுவில் ஒன்றுமே இல்லை. என் ஸ்விட்ச் விலையில் பாதிதான். ஒரு மணி நேரம் கால் மணி நேரமானது.

மூன்று மாதத்தில் ஆதிமூலம் அண்ணனின் வேலை முழுக்கக் கீழே போய்விட்டது. மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்பது நின்றது. எனக்கு வந்ததெல்லாம் காதுகுத்தும் பிறந்த நாளும்தான். "உனக்கும் மாட்டித் தரேன் வா" என்று அக்கா இரண்டு முறை கூப்பிட்டார். நான் போகவில்லை. அவர் கையால் வாங்கிய வேகம் எனக்கு வேண்டாம்.

மே மாதம் அக்காவுக்கு ஒரு சிக்கல் வந்தது. ஓயாமல் காற்று ஓடுகிற அறைகளுக்காகச் செய்த கார்டு அது. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையில் பகல் பதினொன்றரை ஆனால் சூடேறி நின்றுவிடும். நான் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போகிறேன் என்று தெரிந்ததும் கேட்டார்.

"ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா, கார்டு மேல வெக்கற சின்ன ஃபேன் ஒன்னு வாங்கியா நிம்மி. தீப்பெட்டி அளவுதான் இருக்கும்."

கம்ப்யூட்டர் சாமான் கடைகளே நிறைந்த அந்தத் தெருவுக்குப் போனேன். எனக்கு ஒரு மவுஸ் வாங்கினேன். ஃபேனைக் கேட்கவே இல்லை.

"கடை கடையா ஏறி எறங்கிட்டேன், எங்கயும் இல்லக்கா."

"பாவம், வெயில்ல அலைஞ்சிக்கினு இருந்தியா" என்று மோர் கொடுத்தார். பிறகு மிஷினின் மூடியைக் கழற்றிவிட்டு, பிள்ளைகள் படிக்கும்போது போடுகிற டேபிள் ஃபேனை அதன் முன்னால் வைத்துக்கொண்டார். வேலை நடந்தது. எனக்குத்தான் அந்த மோர் இறங்கவில்லை.

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஆதிமூலம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பொண்ணு கையில குடுத்தா மறுநாளே வந்துடும். இனிமே அந்த மாதிரி யாரு இருக்காங்க?" நான் அவருக்கு இரண்டடி தள்ளித் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தேன்.

பிறகுதான் என்னைப் பார்த்தார். "வெள்ளிமலை சின்னக்கண்ணு பொண்ணு கல்யாண ஆல்பம் பாதியில நிக்குது. நீ முடிச்சிக் குடும்மா."

மறுநாள் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். கல்யாணம் முழுவதும் கால் மணி நேரத்தில் வந்து இறங்கியது. எவ்வளவு வந்தது என்று திரையில் காட்டுகிற கோடு ஓடி முடிவதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது, ஆள் இல்லாத அறையிலும். பதினொன்றரைக்கு டேபிள் ஃபேனைப் போட்டேன்.

நாற்பது பக்கத்தில் முப்பத்து நான்கை அக்கா முடித்திருந்தார். கூரை வீட்டு வாசலில் மணப்பெண், அவள் பின்னால் மலை, நிறைய வெற்றிடம். ஒரு பக்கத்திலாவது குறை கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன், கிடைக்கவில்லை. மீதி ஆறை நான் செய்தேன். எதிலிருந்து என் வேலை தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அது எனக்கு முதலில் பெருமையாக இருந்தது, பிறகு இல்லை.

கடைசிப் பக்கத்தின் அடியில் வடிவமைத்தவர் பெயரைப் பொடி எழுத்தில் போடுவது ஆதிமூலம் அண்ணன் ஸ்டூடியோவின் வழக்கம். போனில் கேட்டேன்.

"யார் பேர்ண்ணா போடறது?"

"முடிச்சது நீதானே, உன் பேரப் போடு. இல்ல, ரெண்டு பேரும் போட்டுக்க. அதுல இன்னா இருக்குது?"

இரண்டு பேரையும் போடலாம்தான். யார் பெயர் முதலில்?

ஆல்பம் வியாழக்கிழமையே அச்சுக்குப் போயிருக்க வேண்டும், இன்று ஞாயிறு. நாற்பதாம் பக்கத்தில் 'வடிவமைப்பு' என்று அடித்து இரண்டு புள்ளி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு இன்னும் எதையும் அடிக்கவில்லை.