உள்சாக்கில் இருந்த பெயர்

தேனிக்கு வெளியே, மிளகிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். புதிதாக வருகிறவர்கள் ஆரிஜின் சர்டிபிகேட் என்றால் ஃபைலில் குத்தி வைக்கும் தாள் என்று நினைக்கிறார்கள். அந்த லோடு வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இலங்கை மிளகில் எண்ணெய் அதிகம். இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருப்பதால், அங்கே விளைந்ததென்று ஆரிஜின் சர்டிபிகேட் இருந்தால் இறக்குமதி டியூட்டி குறைவு. தூத்துக்குடி வழியாக வாங்குவோம்.

அன்று வந்தது புது சப்ளையரின் முதல் லோடு. சாம்பிளை வடித்தால் வழக்கத்தில் பாதி எண்ணெய்கூட இல்லை. மறுபடி வடித்தேன், அதே அளவுதான். குடோனுக்குப் போய் ஒரு மூட்டையைப் பிரித்தேன். வெளிச்சாக்கில் இலங்கை முத்திரை. உள்ளே இன்னொரு சாக்கு, அதில் வேறொரு நாட்டின் பெயர்.

அந்த உள்சாக்கை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஏம்மா, பேப்பரெல்லாம் சரியாத்தான இருக்கு? கஸ்டம்ஸ்லயே விட்டுட்டாக. நமக்கென்ன?"

"சாக்கு வேற சொல்லுது சார்."

போடி மலையில் மிளகு போட்டிருக்கும் செல்லத்துரை, விலை கேட்க வந்து அங்கே உட்கார்ந்திருந்தார். உள்சாக்கை வாங்கி விரித்துப் பார்த்தார்.

"இலங்கை மிளகு வர்றதே எனக்கு நட்டந்தான் ஆத்தா. ஆனாலும் அவன் என்னைய மாதிரி ஏணி போட்டுப் பறிக்கிறவன், போட்டி போட்டுக்குவேன். இது யார் வெளைய வச்சதுன்னே தெரியல. யாரோட போட்டி போட?"

முதலாளி சாக்கை வாங்கி அந்தப் பெயரை மறுபடி படித்தார். கடைசியில், "கஸ்டம்ஸுக்கு நாமளே எழுதிருவோம். ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடும்மா" என்றார். லோடு முடங்கிக் கம்பெனி நட்டப்பட்டால் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் போட்டேன்.

விசாரணை முடியும்வரை லோடு குடோனில் கிடந்தது. மெஷின் நின்றது. கூட வேலை பார்த்தவர்கள் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அதைவிடக் கஷ்டம், கொழும்பிலிருந்து எங்கள் பழைய சப்ளையர் போன் செய்தது. அவர் ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

"உங்கட ரிப்போர்ட்டால என்ட சரக்கையும் நிப்பாட்டி வச்சிருக்காங்க மிஸ்."

அவருடைய ஒவ்வொரு லோடுக்கும் நான் எடுத்திருந்த டெஸ்ட் ரிசல்ட் கைவசம் இருந்தது. அத்தனையையும் காப்பி எடுத்து, கஸ்டம்ஸுக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சரக்கை விட்டார்கள். எங்கள் மெஷின் மறுபடி ஓடியது அந்த மிளகில்தான்.

இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தம் நேர்மையாக நடக்கும் என்று நம்பித்தான் கொழும்புக்காரரும் செல்லத்துரையும் நாங்களும் பிழைக்கிறோம். நடுவில் ஒருவர் பொய் சொன்னால் எல்லோருக்கும் அடி விழுகிறது. அதனால் சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை வடித்துப் பாருங்கள். அப்புறம் கண்டதை எழுதிக் கொடுங்கள். பயந்துகொண்டே எழுதினாலும் பரவாயில்லை.