இரண்டு கிண்ணமும் அவள் கையில்

எங்கள் பாக்கெட்டின் மேல் ‘ரூபன் லூர், தம்போய்’ என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. ரூபன் நான்தான், ரூபேந்திரன்; தம்போய் எங்கள் ஊர். உள்ளே இருந்த, தூண்டிலில் மாட்டும் ரப்பர் மீன்களைச் செய்தது என் மனைவி தேன்மொழி. இதிலுள்ள அநியாயம் யாருக்கும் உடனே தெரியும். எனக்குத் தெரியத்தான் நாளாயிற்று. ஊரில் மற்றவர்கள் செய்யும் அநியாயங்களை எதிர்ப்பதில் நான் அவ்வளவு மும்முரமாக இருந்தேன்.

தேன்மொழி ஒரு ஹார்ட்வேர் கடையில் சாயம் கலக்கும் மிஷினுக்குப் பின்னால் பாதி ஆயுளைக் கழித்தவள். சுவரிலிருந்து உரிந்த ஒரு சாயச் சில்லைக் கொண்டுவந்து “இதே ரோஸ்” என்று கேட்டால், அதே ரோஸைக் கொடுப்பாள். கடையை மூடியபோது முதலாளி அவளுக்குக் கொடுத்தது ஒரு சுவர்க்கடிகாரம். நான் கொதித்துப்போய்ப் பக்கம் பக்கமாகப் புகார் எழுதினேன். “கடிகாரம் ஓடுதா பாருங்க மொதல்ல,” என்றாள். ஓடவில்லை.

தூண்டில் போடுகிறவன் நான். மீனை ஏமாற்றும் அந்த ரப்பர் லூரை வீட்டிலேயே செய்யலாம் என்று ஆரம்பித்தவனும் நான்தான். பால் மாதிரியான பிளாஸ்டிக் திரவத்தை, சமையலுக்கு ஆகாத ஒரு பழைய மைக்ரோவேவில் சூடேற்றினால் பாகுபோலத் தெளியும். அதை இரண்டு கிண்ணத்தில் பிரித்து ஒன்றில் நீலம், ஒன்றில் ஆரஞ்சு, மேலே கொஞ்சம் மினுக்குத்தூள். இரண்டையும் ஒரே சூட்டில், ஒரே நேரத்தில் அச்சின் வாயில் ஊற்ற வேண்டும். அப்போதுதான் நிறங்கள் கலந்துவிடாமல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு சுருளாக இறங்கும். நான் ஊற்றியவை எல்லாம் சாக்கடை நிறத்தில் வந்தன. காரணம் அறிவியல்பூர்வமானது. எனக்குப் பேசாமல் வேலை செய்யத் தெரியாது, கையை ஆட்டாமல் பேசவும் தெரியாது. சாதிச் சங்கங்களைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்த ஒருநாள், தேன்மொழி இரண்டு கிண்ணத்தையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து நான் அச்சைப் பிடிக்கிறேன்.

போன மாதம் கேட்டாள்: “பாக்கெட்ல என் பேரு போட்டா என்ன?”

“போடலாம். ஆனா தூண்டில் போடுற கூட்டம் எப்படிப்பட்டதுன்னு தெரியும்ல? பொம்பள பேரப் பாத்தா வாங்க மாட்டானுங்க. காலம் வரட்டும் தேனு.”

இதே வார்த்தையை வேறு யாராவது மேடையில் சொல்லியிருந்தால் மைக்கைப் பிடுங்கியிருப்பேன். பெண் கேட்டாலும் தோட்டத் தொழிலாளி கேட்டாலும் காலங்காலமாகக் கிடைக்கும் பதில் இதுதான் என்று கட்டுரையே எழுதியவன் நான். அவள் அடுத்த கிண்ணத்தை எடுத்தாள்.

கோத்தா திங்கியில் தூண்டில் கடை வைத்திருக்கும் அமீர், தன் சுவரில் எங்களுக்கு ஒரு வரிசை தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு நிபந்தனை. மாதிரிக்குக் கொடுத்ததை அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் ஆற்றில் போட்டுப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை நாங்கள் இருவரும் போனபோது அந்த வாடிக்கையாளர் கடையிலேயே இருந்தார். பெயர் லெட்சுமணன், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர். போனில் படம் காட்டினார். கை நீளத்துக்கு ஒரு சியாக்காப் மீன், அதன் வாயில் எங்கள் நீல ஆரஞ்சுச் சுருள்.

“கைராசி அண்ணே உங்களுக்கு,” என்றார். “ஒன்னு மட்டும் சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. பொம்பளைங்கள தொட விட்றாதீங்க. பந்தாங், ஆகாது. என் தூண்டில எங்க வீட்டுக்காரி தாண்டிட்டா அன்னிக்கி வெறுங்கைதான்.”

தேன்மொழி என் பக்கத்தில் நின்றிருந்தாள். தீட்டைப் பற்றி என்னிடம் எப்போதும் தயாராக ஒரு சொற்பொழிவு உண்டு. பத்து பாகாட் ஊர்க் கூட்டத்தில் கைதட்டல் வாங்கியது. வாயைத் திறந்தேன். அமீர் சுவரில் எங்களுக்காக ஒரு வரிசைக் கொக்கிகளைக் காலி செய்துகொண்டிருந்தார்.

“ம்,” என்றேன். “பாத்துக்கலாம்.”

தேன்மொழி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. உரிந்த சாயச் சில்லைப் பார்க்கிற பார்வை. பிறகு லெட்சுமணனிடம் திரும்பினாள்.

“தம்பி, அந்த மீனு கடிச்சிச்சே, அத ஊத்துனது நான். எல்லாமே நான்தான். இவரு அச்சப் பிடிப்பாரு. அதுவும் பேசாம இருந்தாத்தான்.”

அமீர் கொக்கியும் கையுமாக நின்றுவிட்டார். லெட்சுமணன் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார்.

“பயமா இருந்தா இவரு ஊத்துனதும் வீட்ல கெடக்கு,” என்றாள் தேன்மொழி. “லோங்காங் சாக்கடத் தண்ணி கலர்ல. ஒரு பொம்பள கை படல. கொண்டாரட்டா?”

“அலமாக்,” என்று லெட்சுமணன் தலையைச் சொறிந்தார். “வேணாங்க்கா. அந்த நீலமே ரெண்டு பாக்கெட் குடுங்க.” பிறகு குரலைத் தணித்தார். “எங்க வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிய வேணாம். அப்புறம் அவளும் ஆத்துக்கு வரேம்பா.”

இத்தனை வருடப் பேச்சில் நான் ஒருவரையும் மாற்றியதில்லை. ஒரு மீன் ஓர் ஆளைப் பாதியாவது மாற்றிவிட்டது.

அமீர் சுவரில் தொங்கவிட அட்டையும் பேனாவும் எடுத்து என்னிடம் கேட்டார்: “யாரு பேரு எழுதட்டும் அண்ணே?”

“அவங்கள கேளுங்க,” என்றேன். அன்று நான் பேசியதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

திரும்பும்போது காரில், “நான் பேசத்தான் போனேன்,” என்றேன்.

“தெரியும். வாயத் தொறந்ததப் பாத்தேன். அந்த சியாக்காப்பும் அப்படித்தான் தொறந்திருக்கும்.”

இப்போது பாக்கெட்டில் ‘தேன்மொழி லூர்’ என்று இருக்கிறது. அடியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில், ‘அச்சைப் பிடித்தவர்: ரூபேந்திரன்’. அதைக் கொஞ்சம் பெரிதாகப் போடக்கூடாதா என்று நேற்றுக் கேட்டேன்.

அவள் கிண்ணங்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“காலம் வரட்டும்,” என்றாள்.