மைத்துனர்களின் நாலு மணிப் பலகாரம்

என் மைத்துனர்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் ஸ்ரீவராகம் வீட்டுக்குப் படிக்க வந்தபோது மூத்தவனுக்குப் பதினைந்து வயது, இளையவனுக்குப் பதின்மூன்று. அவர்கள் ஊர்ப் பள்ளியில் அதற்குமேல் வகுப்பு இல்லை. திருவனந்தபுரத்தில் சர்க்கார் பஸ் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. நான் கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. கல்யாணமாகி இரண்டு வருஷம். குழந்தை இன்னும் இல்லை.

அவர்கள் வரும்வரை என் மனைவி அதிகம் பேசாதவள் என்று நினைத்திருந்தேன். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் வீடு சும்மா இருக்கும். அதுதான் அவள் சுபாவம் என்று நானே முடிவு கட்டி, ஆபீசில் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். தம்பிகள் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்த நிமிஷத்திலிருந்து அவள் பேசத் தொடங்கினாள். யார் வீட்டுப் பசு கன்று போட்டது, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, பாட்டு வாத்தியாருக்கு இன்னும் பல் இருக்கிறதா. நடுநடுவே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

மூத்தவன் டைபாய்டில் கிடந்து எழுந்தவன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கும். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "எண்ணெயில பொரிச்சது ஒண்ணும் கொடுக்கண்டாம். பயறு, எள்ளு, நேந்திரம்பழம், அது மதி. வளர்ற பிள்ளையாக்கும்" என்றார்.

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் முளைகட்டின பயற்றைத் தேங்காய்த் துருவலோடு தாளிப்பாள். ஒரு நாள் எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடிப்பாள். நேந்திரம்பழத்தை நறுக்கி நெய்யில் வாட்டுவாள். பின்வீட்டு மலையாளி அம்மாளிடம் இலையடை கற்றுக்கொண்டாள். வாழையிலையில் அரிசி மாவைப் பரப்பி, தேங்காயும் வெல்லமும் வைத்து, மடித்து ஆவியில் வேகவைப்பது. தெருமுனை வரைக்கும் மணக்கும்.

பையன்களுக்குப் பள்ளி நாலு மணிக்கு விடும். எனக்கு ஆபீஸ் ஐந்துக்கு. நான் செருப்பைக் கழற்றும்போது அடுக்களையில் சிரிப்பு நிற்கும். இரண்டு பையன்களும் எழுந்து நிற்பார்கள். மரியாதைதான். ஆனால் எனக்கு என்னவோ, நான் நுழைந்ததால் ஒரு விளக்கு அணைந்த மாதிரி இருக்கும்.

என் பங்கை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. தட்டுப் போட்டு மூடி வைத்திருப்பாள். ஆறிப்போயிருக்கும். ஒரு வாய் தின்றுவிட்டு, "மதி" என்பேன். எங்கள் பக்கத்தில் போதும் என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். ஒரு நாள் இளையவன் அக்கா காதில், "அத்திம்பேர் சந்திரனைக் கேக்கறார்" என்று கிசுகிசுத்தான். அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் முதல், "எனக்குப் பசியில்லை" என்று தட்டைத் தொடாமலே கொடுத்துவிடுவேன். இளையவன் அதையும் தின்றுவிடுவான். அவன் மெல்லுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

பதினைந்து வயதுப் பையனைப் பார்த்துப் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்து என்ன பயன்? மூத்தவனுக்குக் கன்னம் நிறைந்தது. தோள் அகன்றது. என் சட்டை அவனுக்குச் சரியாக இருக்கிறது என்று அவள் சந்தோஷமாகச் சொன்ன அன்று ராத்திரி நான் சாப்பிடவே உட்காரவில்லை.

பிறகொரு நாள், ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் காலமானார் என்று எங்கள் ஆபீசை மத்தியானமே மூடிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது பள்ளி விட இன்னும் நேரமிருந்தது. அவள் இலையடைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முதல் ஈடு வெந்து இறங்கியது. அடுக்களை வாசலில் மணையைப் போட்டு உட்கார்ந்தேன். ஆவி பறக்கிற அந்த அடை எனக்குத்தான் என்று நிச்சயமாக நம்பினேன்.

"செத்த பொறுங்கோ, கொழந்தைகள் வந்துடட்டும்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

"நானும் இந்த ஆத்துக்குப் பசியோடதான் வரேன்" என்றேன். குரல் உயரவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பசியோடயா? தெனமும் வச்சதை வேண்டாம்னு தள்ளறேள். இது ஒங்களுக்குப் பிடிக்கறதில்லைன்னு நெனைச்சேன்."

"ஆறினதைத் தள்ளினேன்."

"சொன்னாத்தானே தெரியும்? ரெண்டு வருஷமா இதுதான் பிடிக்கும்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானா என்னத்தைப் பேசறது, யாரோட பேசறது?"

பேசாதவள் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தவள், பேச்சுக்குக் காத்திருந்தவள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் ஒரு வாழையிலையை வாட்டி என் முன் வைத்தாள். "வெறுமனே உக்காந்திருக்காம மாவைப் பரப்புங்கோ" என்றாள். பரப்பினேன். ஒரு பக்கம் மொத்தமாகவும் ஒரு பக்கம் கிழிந்தும் வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரலை எப்படி நனைக்க வேண்டும் என்று காட்டினாள்.

பையன்கள் வந்தார்கள். மூத்தவன் என் கோணல் அடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுக்கு டைபாய்டு வந்திருக்கு அக்கா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் ஆபீஸ் பையை எடுத்து வைக்கிற சாக்கில் உள்ளே போய்ச் சற்று நேரம் நின்றேன். அவன் சொன்னதற்கு அவள் சிரித்த அளவுக்கு நான் சொன்ன எதற்கும் சிரித்ததில்லையே என்று மனசு கணக்குப் பார்த்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு வந்தது. சனிக்கிழமைகளில் பயறு ஆய்வது என் வேலையாயிற்று. மகள் பிறந்தாள். படிப்பு முடிந்து இளையவன் சென்னைக்குப் போனான். மூத்தவன் போனக்காடு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தான்.

யுத்தம் முடிந்த சமயம் அவன் லீவில் வந்தான். மீசை, தொப்பை, மலைக்குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டை. விடியுமுன்னே எழுந்து அவள் அரிசி இடிக்கிற சத்தம் கேட்டது. எனக்காக அவ்வளவு சீக்கிரம் எழுந்தது எப்போது என்று படுத்தபடியே யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

மாலையில் இட்டலிப் பானையைத் திறந்ததும், அவள் யாருக்கு எடுக்கப்போகிறாள் என்று பார்க்க எனக்குப் பொறுமையில்லை. நானே கையை விட்டு ஓர் அடையை எடுத்து, இலையைப் பிரித்து, பிய்த்து வாயில் போட்டேன். வெல்லப் பாகு நாக்கைச் சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் மோரை என் பக்கம் நகர்த்தினாள். அடுத்த அடையைத் தம்பியின் தட்டில் வைத்து, "ஊதிச் சாப்பிடுடா" என்றாள்.