காரின் மேல் ஒரு வாசல் நிலை

மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டப் போவதாக யோகன் அண்ணன் சொன்னபோது ஆபீஸில் எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அதற்குத் தண்டனையோ என்னவோ, போன மாதம் ஒரு சனிக்கிழமை அவருடைய வாசல் நிலையை என் கார் கூரையில் கட்டிக்கொண்டு போகும் வேலை எனக்கே வந்து சேர்ந்தது. நல்ல நேரம் காலை 9.15 முதல் 10.45 வரை. அதற்குள் நிலை வைத்தாக வேண்டும்.

வெரிபீயில் என் வீட்டிலிருந்து 6.05க்குக் கிளம்பினேன். மிர்பூ நார்த் ஊரைத் தாண்டி அண்ணனுடைய ஐந்து ஏக்கர் நிலம் வரை 192 கிலோமீட்டர். வெஸ்ட் கேட் பாலத்தில் காற்றுக்கு நிலை ஊளையிட்டது. நூறில் போகிற சாலையில் எண்பதில் உருட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரர்கள் என்னை வாழ்த்தியிருக்க மாட்டார்கள். வழியில் டிராஃபல்கர் என்ற ஊரில் காபியும் ஒரு பன்னும் 11 டாலர். கடைசி நான்கு கிலோமீட்டர் சரளைக்கல் பாதை. 8.50க்குப் போய்ச் சேர்ந்தேன்.

இறங்கிப் பார்த்தேன். தலைக்கு மேல் உயரத்துக்கு நாலு பக்கமும் கட்டைச் சுவர். வாசலே இல்லை!

"அண்ணே, வாசல் எங்கண்ணே?"

"இனித்தான் வெட்டோணும் தம்பி. முதல்ல சுவர், பிறகு வாசல். கிரெக் அப்பிடித்தான் கட்டிறவர்."

கிரெக் பக்கத்து ஊர்க்காரர், கட்டை வீடு கட்டுவதே அவர் தொழில். நாம் நிலையை நிறுத்திவிட்டுச் சுவர் எழுப்புவோம். இவர் முழுச் சுவரையும் எழுப்பிவிட்டு அதில் வாசலை அறுக்கிறார். மூன்று மாதமாக எல்லாரும் ஏணி போட்டுத்தான் உள்ளே இறங்கியிருக்கிறார்கள், அண்ணனின் மனைவி வதனி அக்காவைத் தவிர.

"பதினெட்டு வருஷமா வாடகை வீடு, தம்பி. ஒரு ஆணி அடிக்கவும் ஏஜென்டிட்ட கேக்கோணும். என்ர சொந்த வீட்டுக்குள்ள கள்ளர் மாதிரிச் சுவரேறிப் போவனோ? நிலை வச்சு, வாசலாலதான் போவன்," என்றார் அக்கா.

9.20க்குக் கிரெக் செயின்சாவை, அதாவது சங்கிலி ரம்பத்தை, இயக்கினார். ஒரு பக்கம் வெண்ணெயாக அறுபட்டது. அடுத்த பக்கம் பாதியில் சங்கிலி மழுங்கிவிட்டது. மனிதர் ஒரு கட்டையில் உட்கார்ந்து பல் பல்லாக அரம் போட ஆரம்பித்தார். மணி பத்தைத் தாண்டியது. அக்கா கையில் மஞ்சள் கிண்ணத்தோடு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் கிரெக்கைத் திட்டித் தீர்த்தேன்.

10.25க்கு மரத்துண்டுகள் தடதடவென்று விழுந்தன. மூன்று பேரும் சேர்ந்து நிலையைத் தூக்கி நிறுத்தினோம். மேலே நாலு விரல் இடைவெளி! அளவு தப்பிவிட்டதென்று அலறினேன். கிரெக் சிரித்தார். மரம் காயக் காயச் சுவர் கீழே இறங்குமாம். இடம் விடாவிட்டால் கதவு நசுங்கிப் போகுமாம்.

10.38. அக்கா நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை உள்ளே வைத்தார். கீழே மரத்தூளும் சேறும், மேலே வானம். "இதில குசினி," என்று சமையலறைக்கு ஒரு மூலையைக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

கிரெக் பழக்கதோஷத்தில் மறுபடி ஏணியில் கால் வைத்தார்.

"கிரெக்! அங்கால வாசல் இருக்கு!" என்று அக்கா தமிழிலேயே அதட்டினார். கிரெக் இறங்கி வந்தார். வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளைப் பார்த்தார். உட்கார்ந்து பூட்ஸ் லேஸை அவிழ்த்தார்.

நீங்களும் இப்படி ஒரு வீட்டுக்கு ஆசைப்பட்டால், நிலம் வாங்கும் முன்பே காட்டுத்தீ அபாய அளவையும் கவுன்சில் அனுமதியையும் விசாரித்துவிடுங்கள். நல்ல நேரம் குறித்தால், தீட்டிய சங்கிலி இன்னொன்று கையிருப்பில் இருக்கட்டும். பார்க்க மட்டும் போகிறவர்கள் லேஸ் இல்லாத செருப்போடு போங்கள். அங்கே கூரை இல்லை, தரையும் இல்லை. ஆனால் வாசல் இருக்கிறது. கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.