இரண்டு கிலோ சம்பங்கி, ஒரு கிலோ கிரேந்தி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அம்மனுக்கு மாலை கோர்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜெசிந்தா டீச்சரின் மகள் ஷைனி பேசினாள். "அத்தே, அம்மா போயிட்டாங்க. காப்பி குடிச்சுட்டு கசேரயில இருந்தாங்க, அப்படியே…" என்றாள். 

கையில் ஊசி இருந்தது. மாலையைப் பாதியில் விட்டு எழ மனம் வரவில்லை. முழுவதும் கோர்த்துக் கோயிலுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் முகம் கழுவினேன். டீச்சர் இருந்திருந்தாலும், "மொதல்ல அத முடி மக்கா" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டீச்சர் கடற்கரை ஊரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்கள். மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்தார்கள். கொட்டாரம் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்தபோது, அவர்கள் பணியில் சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நானோ எட்டாம் வகுப்போடு நின்றவள். பிள்ளைகள் படித்து முடித்த பாடப்புத்தகங்களை எடுத்து வாசிப்பேன். எந்தப் பூ நூறு கிராமுக்கு எத்தனை நிற்கும் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பேன்.

அந்த நோட்டைப் பார்த்து டீச்சர் சிரித்தார்கள். "பூவுக்குமா மக்கா கணக்கு?"

"கடைக்காரன் எடை போட்டில்லா தாறான். நான் எண்ணியில்லா கோக்குகேன் டீச்சர்" என்றேன். அன்று பேச்சு அதோடு போயிற்று.

சாயங்கால வேளைகளில் விடைத்தாள் கட்டோடு எங்கள் அடுக்களை வாசலில் வந்து அமர்வார்கள். இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்தால் தண்ணீர். பிள்ளைகளோ, இரண்டு கிராம் ஹைட்ரஜனுக்கு ஒரு கிராம் ஆக்சிஜன் என்று எழுதிவைப்பார்கள். ஆண்டுதோறும் அதே தப்பு.

"எண்ணத்தச் சொன்னா எடைய எழுதுகுதுவ. நான் சொல்லுகது ஒருத்தருக்கும் போய்ச் சேரல்ல மக்கா. இனி எனக்குப் பெலன் இல்ல" என்றார்கள் ஒருநாள். விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்தும் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தார்கள். மாதா கோயில் பங்குத் திருவிழா கழிந்ததும் கொடுப்பதாக முடிவு.

அந்தத் திருவிழாவுக்கு மாதா சுரூபத்துக்கு ஒரு மாலை நேர்ந்திருந்தார்கள். என்னைத்தான் கோர்த்துத் தரச் சொன்னார்கள். இரண்டு சம்பங்கிக்கு ஒரு கிரேந்தி என்று கோர்த்தால் எடுப்பாக இருக்கும் என்றேன். செண்டுமல்லியைத்தான் எங்கள் பக்கம் கிரேந்தி என்போம். மறுநாள் காலை டீச்சரே தோவாளைச் சந்தைக்குப் போய் வாங்கி வந்தார்கள். பையை அவிழ்த்தால் இரண்டு கிலோ சம்பங்கி, ஒரு கிலோ கிரேந்தி.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எதுக்குட்டி சிரிக்கே?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். இருங்கோ, கோப்போம்."

டீச்சருக்கு ஊசி முதலில் விரலில்தான் ஏறும், பிறகுதான் பூவில். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு "மாதாவே!" நண்பகலுக்குள் கிரேந்தி தீர்ந்துவிட்டது. சம்பங்கியில் கால் பங்குதான் குறைந்திருந்தது. மாலை சுரூபத்தின் இடுப்பைக்கூட எட்டாது.

"கடைக்காரன் எடையில ஏமாத்திட்டான்" என்று டீச்சருக்குக் கோபம்.

நோட்டை விரித்துக் காட்டினேன். நூறு கிராம் சம்பங்கியில் நூறு பூ. நூறு கிராம் கிரேந்தியில் இருபத்தைந்து. "ஒரு கிரேந்தி நாலு சம்பங்கிக் கனம் டீச்சர். பூவுக்குச் சொன்ன ரெண்டுக்கு ஒண்ண நீங்க கிலோவுக்கு ஆக்கிட்டிய."

டீச்சர் ஊசியைக் கீழே வைத்தார்கள். நோட்டை வாங்கிக் கணக்கை விரல்விட்டுப் பார்த்தார்கள். பிறகு, "ஏட்டி, எனக்க பிள்ளைய எழுதுக தப்புல்லா இது!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். "இத்தன வருசமா செவப்பு மையில வெட்டுன தப்ப, நானே பை நெறய வாங்கிட்டு வந்திருக்கேன்!"

என் வீட்டுக்காரர் போய் இன்னும் மூன்று கிலோ கிரேந்தி வாங்கி வந்தார். மாதாவுக்கு மாலை நிறைவாக அமைந்தது.

திங்கட்கிழமை டீச்சர் பூவும் ஊசியுமாக வகுப்புக்குப் போனார்கள். முதலில் தம் தப்பைச் சொன்னார்களாம். வகுப்பே சிரித்ததாம். "ஒங்களுக்கு எத்தன மார்க்கு டீச்சர்?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்க, "சைபர்தான் மக்கா" என்றார்களாம். பிறகு எல்லோரையும் கோர்க்க வைத்து, எது தீர்ந்தது, எது மிச்சம் என்று கேட்டிருக்கிறார்கள்.

பூவைக் கண்ணால் எண்ணலாம். ஹைட்ரஜனை எண்ண முடியாது. எடையைக் கொண்டுதான் எண்ண வேண்டும். நூறு கிராம் சம்பங்கியும் நானூறு கிராம் கிரேந்தியும் எண்ணிக்கையில் சமம். அதுபோல் இரண்டு கிராம் ஹைட்ரஜனும் முப்பத்திரண்டு கிராம் ஆக்சிஜனும் மூலக்கூறு எண்ணிக்கையில் சமம். அந்த எண்ணிக்கைக்குப் பெயர்தான் ஒரு மோல். அப்படியானால் இரண்டு மோலுக்கு ஒரு மோல் என்பது, நான்கு கிராமுக்கு முப்பத்திரண்டு கிராம். இவ்வளவையும் அன்று சாயங்காலமே டீச்சர் எனக்கும் சொன்னார்கள். நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அதற்குப்பின் எல்லோரும் சரியாக எழுதினார்கள் என்று சொன்னால் பொய்யாகும். அடுத்த தேர்விலும் ஏழெட்டுப் பேர் கிராமில்தான் எழுதினார்கள். டீச்சர் அவர்களைத் திட்டவில்லை. விடைத்தாளின் ஓரத்தில், 'கிரேந்தி தீர்ந்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திருத்தினார்களாம்.

விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்டேன். மறுநாள் அம்மனுக்கென்று கொஞ்சம் பிச்சிப்பூ கொண்டுவந்தார்கள். பொதிந்திருந்த தாளைப் பிரித்தால் டீச்சரின் கையெழுத்து. "தப்பு எங்க வருகுண்ணு எனக்கே வந்த பெறவுதான் தெரிஞ்சுது. இனியில்லா படிப்பிக்கணும்" என்றார்கள். அதன்பின் ஒன்பது ஆண்டுகள், ஓய்வுபெறும் நாள் வரை, படிப்பித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை டீச்சரின் வீட்டுக்குப் போகும் முன் தோவாளைக்குப் போனேன். ஒரு கிலோ சம்பங்கி, இரண்டு கிலோ கிரேந்தி வாங்கினேன். டீச்சரின் வீட்டு முற்றத்தில் அமர்ந்து கோர்த்தேன். டீச்சரிடம் படித்துப்போன பெண்கள் நாலைந்து பேர், ஒருவர் கையில் குழந்தையோடு, கேளாமலே வந்து உட்கார்ந்து பூ எடுத்துத் தந்தார்கள். ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு என்று வாய்க்குள் எண்ணினார்கள்.

கடைசியில் ஒரு கிரேந்திப் பூ இதழ் உதிர்ந்து வீணாய்ப் போனது. அதனால் இரண்டு சம்பங்கி மிச்சம். மாலையைப் போட்டுவிட்டு, ஜெபமாலை சுற்றிய அவர்கள் விரல்களுக்கு அருகில் அந்த இரண்டையும் வைத்தேன். எது மிச்சம் என்று கேட்பவர்கள் அல்லவா? பாருங்கோ டீச்சர், ரெண்டே ரெண்டு. சமாதானமாப் போங்கோ.