வளவில் பூத்த பேரி

கடலோரச் சாய்ந்தமருது மீராமுகைதீன் குளிர் மலைப் பக்கத்து வெலிமடைக்கு லொறியில் கருவாடு ஏற்றிப் போகிறவர். 1951இல் ஒரு பயணத்தின்போது, அங்குள்ள தோட்டக்காரர் ஒருவர் அவருக்கு ஒரு பேரிக்காய் ஒட்டுக்கன்றைக் கொடுத்தார். மீராமுகைதீனின் மனைவி றபீக்கா வீட்டு வளவின் கிணற்றடி மணலைத் தோண்டி, மாவடிப்பள்ளி வயல் மண்ணைக் குழியில் நிரப்பி அதை நட்டாள்.

மரம் கூரைக்கு மேலே வளர்ந்தது. மூன்று வருடமாகியும் இலையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"குளிர்ப் பக்கத்து மரம் புள்ள. வெட்டிப் போட்டு முருங்கைக் கம்ப நடு" என்றாள் மீராமுகைதீனின் தங்கை சபூறா.

"பூக்கட்டும் மதினி, பொறகு கதைப்பம்."

கணவன் தோட்டக்காரரிடம் கேட்டு வந்தார். குளிரில் இலை உதிர்ந்து கொஞ்ச நாள் உறங்கினால்தான் பேரி பூக்குமாம்.

"அது தானா உதிர்க்காட்டி நான் உதிர்க்கிறன்" என்றாள் றபீக்கா.

மறு வருடம் மாரி மழை ஓய்ந்ததும் தண்ணீரை நிறுத்தினாள். ஏணி வைத்து ஏறி ஓர் இலை விடாமல் உருவினாள். நிமிர்ந்து நின்ற கிளைகளில் கல்லைக் கட்டி வளைத்தாள்; வளைந்த கிளையில்தான் பூ வருமாம். மரம் விறகுபோல நின்றது. தெருவே பார்த்துச் சிரித்தது. அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். நான்காம் வாரம் இரண்டு கொத்து வெள்ளைப் பூ விரிந்தது. பத்தே நாளில் எல்லாம் கொட்டிப்போயின.

"தனி மரத்தில காய் பிடிக்காதாம். வேற சாதிப் பேரியிட மகரந்தம் வேணுமாம்" என்று அடுத்த பயணத்தில் கணவன் செய்தி கொண்டுவந்தார்.

"அங்க மொட்டு வைக்கிற மாசத்தக் கேட்டுட்டு வாங்க. நான் அதுக்குத் தோதா இலைய உருவுறன்."

1956இல் ஈரச் சாக்கில் சுற்றிய பூக்கிளைகள் லொறியில் வந்தன. கோழி இறகால் அவற்றின் மகரந்தத் தூளைத் தொட்டுத் தன் மரத்துப் பூக்களில் ஒவ்வொன்றாகத் தடவினாள். மூன்று பிஞ்சு பிடித்தது. தென்மேற்குச் சோழகக் காற்றில் இரண்டு விழுந்தன.

மிஞ்சியதைப் பழுக்கும்வரை மரத்திலேயே விடச் சொன்னாள் சபூறா. அப்படி விட்டால் உள்ளே மணல்போல நறநறக்கும் என்று தோட்டக்காரர் எச்சரித்திருந்தார். காய் கெட்டியாக இருக்கும்போதே றபீக்கா பறித்து வைக்கோலில் வைத்தாள். பத்தாம் நாள் மணம் வீடெங்கும் பரவியது. ஒரு துண்டை மென்ற சபூறா, "கொஞ்சம் புளிப்புத்தான்" என்றாள். பிறகு இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள்.

1957 மார்கழி வெள்ளம் வளவில் பதினொரு நாள் நின்றது. வேர் அழுகி மரம் பட்டுப்போனது.

வெள்ளம் வடிந்து பாதை திறந்து முதல் லொறி புறப்பட்ட காலையில் றபீக்கா கணவனிடம் சொன்னாள்: "ரெண்டு கன்று கொண்டு வாங்க. ரெண்டும் வேற வேற சாதியா இருக்கணும்."

அவர் திரும்பி வருவதற்குள், வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு மண்மேடு ஒன்றைக் கொத்தி எழுப்பியிருந்தாள்.